'பார்த்து' என்று சொல்லாமல் வீட்டுக்குள் ஓடியாட ஓர் ஆட்டம்

வீட்டுக்குள் பிள்ளைகள் ஓடி விளையாட ஆரம்பித்தால் பெரியவர்கள் வாயிலிருந்து திரும்பத் திரும்ப வருவது மூன்று சொல்தான்: "பார்த்து", "மெதுவா", "தொடாதே". கொஞ்ச நேரத்தில் விளையாட்டின் சூடு போய்விடும். பிள்ளைகள் மறுபடி போனைத் தேடிப் போய்விடுவார்கள். மழை விடாமல் பெய்த ஒரு பருவத்தில் எங்கள் வீட்டில் இதுதான் நடந்தது. அப்போதுதான் நானே ஒரு ஆட்டம் உண்டாக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. நிபந்தனை இரண்டு வைத்துக்கொண்டேன். வீட்டில் இருப்பதை வைத்தே விளையாட வேண்டும், புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. இன்னொன்று, மூச்சு வாங்க ஓடினாலும் அந்த மூன்று சொல்லுக்கும் வேலை வரக் கூடாது. அதாவது, எச்சரிக்கையை வாயால் சொல்லாமல் பொருளிலும் விதியிலுமே வைத்துவிட வேண்டும்.

முதலில் பந்து. ரப்பர் பந்தோ டென்னிஸ் பந்தோ வீட்டுக்குள் தொல்லை தருவதற்குக் காரணம் அதன் எடை மட்டும் இல்லை. எறிந்த பிறகும் அது அடங்குவதில்லை. டென்னிஸ் பந்துக்கு விதிப்படி எடை 56 முதல் 59.4 கிராம். 254 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டித் தரையில் போட்டால் அது சுமார் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். வீட்டில் அப்படி எழும்பும் பந்து சுவரில் பட்டு, அலமாரியில் பட்டு, கடைசியில் கண்ணாடியில் போய் முட்டும். சமையலறைத் தராசில் பெரியவர்களுடைய பருத்தி சாக்ஸ் ஒரு ஜோடியைச் சுருட்டி வைத்துப் பார்த்தேன். எடை கிட்டத்தட்ட டென்னிஸ் பந்தின் எடைதான். ஆனால் கீழே போட்டால் தொப்பென்று விழுந்து விழுந்த இடத்திலேயே கிடக்கும். கையில் பிடிக்கும் அளவுக்குக் கனம், எறிந்தால் நேராகப் போகும், பட்டால் வலிக்காது. வீட்டுக்குள் விளையாட இதைவிட நல்ல பந்து எனக்குக் கிடைக்கவில்லை.

சாக்ஸைச் சுருட்டுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. சும்மா மடித்து ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் பறக்கும்போதே அவிழ்ந்து வால் நீட்டிக்கொண்டு எங்கோ போகும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, விரல் பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு வர வேண்டும். குதிகால் வரும் இடத்தில் துணி புடைக்கும். அதை உள்ளே தள்ளிவிட்டுச் சுருட்ட வேண்டும். கடைசியில் மேல் சாக்ஸின் வாய்ப்பகுதியை விரித்து முழு உருண்டையையும் அதற்குள் புரட்டிவிட்டால் கெட்டியாக நிற்கும். சிறு பிள்ளைகளின் சாக்ஸ் என்றால் உருண்டை ரொம்பச் சிறியதாகிவிடும். அதை ஒரு பெரிய சாக்ஸுக்குள் போட்டு மறுபடி சுருட்டலாம். கனம் போதவில்லை என்று உள்ளே கல்லோ நாணயமோ தானியமோ வைக்கக் கூடாது. வைத்தால் இந்தப் பந்தைத் தேர்ந்தெடுத்த காரணமே போய்விடும்.

இதிலிருந்தே முதல் விதியும் பிறந்தது. விளையாட வருகிறவர் தன் காலில் போட்டிருக்கும் சாக்ஸைக் கழற்றித்தான் பந்து செய்ய வேண்டும். போட்டிருக்காதவருக்குத் துணிக்கூடையிலிருந்து ஒரு ஜோடி கிடைக்கும். வழவழப்பான டைல் தரையில் சாக்ஸோடு ஓடுவதுதான் வழுக்கி விழுவதற்கு நேர்வழி. பந்தே சாக்ஸாக இருந்தால் கால் தானாக வெறுங்காலாகிவிடுகிறது. "சாக்ஸைக் கழற்று" என்று யாரும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை.

அடுத்து இலக்கு. சுவரில் வட்டம் ஒட்டி அதில் எறியச் சொன்னால் என்ன ஆகும் என்று பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு எறியும் முந்தியதைவிட வேகமாகத்தான் வந்தது. நேராக நிற்கும் இலக்கு வேகத்தைக் கேட்கிறது. இந்த இடத்தில் கூடைப்பந்து பிறந்த கதை எனக்குக் கைகொடுத்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பனிக்காலத்தில் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே அடைந்து கிடந்த மாணவர்களுக்கு ஒரு விளையாட்டு வேண்டும் என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம் கேட்டார்கள். அவருக்கும் இதே கவலைதான்: கெட்டித் தரையில், மூடிய இடத்தில், ஒருவரை ஒருவர் தள்ளிக் காயப்படுத்தாமல் எப்படி ஆடுவது? பந்தோடு ஓடுகிறவரைத்தான் மற்றவர்கள் பாய்ந்து பிடிக்கிறார்கள், அதனால் பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்றார். வேகமாக எறிவதால் பயனில்லாதபடி இலக்கின் வாயை மேல்நோக்கி, தலைக்கு மேல் வைத்தார். கையில் கிடைத்தது இரண்டு பீச் பழக்கூடை. அவற்றை மாடிக் கைப்பிடியில் அறைந்தார்கள். அந்த உயரம் 10 அடி. இன்றைக்கும் வளையம் அதே உயரத்தில்தான் இருக்கிறது. அவர் எழுதிய விதிகள் மொத்தம் 13.

மேல்நோக்கித் திறந்த வாய் என்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஒரு பிளாஸ்டிக் வாளி, அடியில் மடித்த பெட்ஷீட் ஒன்று. அது வாளிக்குக் கனமும் கொடுக்கும், விழும் பந்தின் சத்தத்தையும் குடிக்கும். அதை ஹாலின் மூலையில் உயரம் குறைந்த ஸ்டூல்மேல் வைத்தோம். மேலிருந்து வளைந்து இறங்கும் பந்து மட்டுமே உள்ளே போகும். பலங்கொண்ட மட்டும் எறிந்தால் சுவரில் பட்டுக் கீழே விழும். வேகத்துக்குப் பாயின்ட் கிடையாது என்பதை வாளியே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. மூலையில் வைத்ததற்கும் காரணம் உண்டு. தவறிய பந்தெல்லாம் இரண்டு சுவருக்கும் நடுவில் குவியும், சோஃபாவுக்கு அடியில் ஓடாது.

வாளியில் எறிவது மட்டும் என்றால் அது உட்கார்ந்துகொண்டே ஆடக்கூடிய ஆட்டம். உடம்புக்கு வேலை வர ஒரு காவலாள் வேண்டும். காவலாள் வாளிக்கு முன்னால் நின்று வரும் பந்தைத் தடுக்க வேண்டும். ஆனால் காவல் என்று வந்ததுமே கையை வீசுவது, பிடித்துத் தள்ளுவது எல்லாம் கூடவே வரும். அதற்குத்தான் தலையணை. காவலாள் ஒரு தலையணையின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு அதனால் மட்டும்தான் தடுக்கலாம். ஒரு கை விட்டாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு பாயின்ட். இரண்டு கையும் தலையணையில் இருக்கிறவர் யாரையும் தள்ள முடியாது. கை கட்டப்பட்டதால் கால்தான் ஓடியாக வேண்டும். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே ஒரு நிமிடம் நின்று பாருங்கள், தொடை எரியும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த விதி இதுதான்.

எறிகிறவருக்கான ஓட்டம் இப்படி. எங்கள் ஹாலில் டைல் ஒன்று 60 செ.மீ. வாளியிலிருந்து ஆறாவது டைலில் மாஸ்கிங் டேப் ஒட்டி எறிகோடு போட்டோம். கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். கோட்டுக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். விழுந்தாலும் தவறினாலும் ஓடிப்போய்த் தன் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு, ஹாலின் மறுகோடியில் இருக்கும் நாற்காலியைச் சுற்றி வந்துதான் அடுத்த எறி. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கக் கூடாது, ஆள் வளைந்து திரும்ப நல்ல இடைவெளி வேண்டும். ஓட்டப் பாதை சுவரில் போய் முடிந்தால் பிள்ளைகள் சுவரைக் கையால் அறைந்துதான் நிற்பார்கள். நாற்காலியைச் சுற்ற வேண்டும் என்றால் அதற்கு முன்பே வேகம் குறைந்துவிடும். கோட்டுக்குக் கயிறு போட நினைப்பீர்கள், வேண்டாம். வெறுங்காலுக்கு அடியில் கயிறு உருளும். டேப்பை அன்றன்றைக்கே உரித்துவிட்டால் தரையில் பசை ஒட்டாது.

அந்த நாற்காலியில் என் அம்மா உட்கார்ந்துகொண்டார். முட்டி வலியால் ஓட முடியாது, ஆனால் ஆட்டத்தின் நடுநாயகம் அவர்தான். மடியில் துணிக் கிளிப்புகளை வைத்திருப்பார். பந்து வாளிக்குள் விழுந்தவர், சுற்றி வரும்போது நின்று சட்டை ஓரத்தை நீட்டினால் பாட்டி ஒரு கிளிப் மாட்டிவிடுவார். நிற்காமல் ஓடுகிறவருக்குக் கிளிப் இல்லை. இதனால் கணக்கு எழுதும் வேலை ஒழிந்தது. யாருக்கு எவ்வளவு என்பது சட்டையிலேயே தொங்குகிறது. "எனக்கு அஞ்சு, இல்ல நாலுதான்" என்ற சண்டைக்கு இடமே கிடையாது. பிள்ளைகள் சேர்ந்து ஆடும் இடத்தில் அழுகுணி ஆட்டம் வருவதற்குப் பாதிக் காரணம் கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கிளிப் கையில் வந்ததும் என் பெரியவளின் குரலே இறங்கிவிட்டது.

காவல் ஒரு நிமிடம், போனில் அலாரம். நிமிடம் முடிந்ததும் ஆள் மாற வேண்டும். முதலில் இதைவிட நீளமாக வைத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் காவலாளின் கால் நின்றுவிடுகிறது, தலையணை தொங்குகிறது, எறிகிறவருக்கும் சுவாரசியம் போகிறது. பிள்ளைகளின் உடம்பு இயல்பாகவே கொஞ்சம் பாய்ந்து, கொஞ்சம் ஓய்ந்து, மறுபடி பாயும் உடம்பு. ஒரு நிமிடம் அதற்கு ஒத்துப்போகிறது. ஐந்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை, நாளெல்லாம் சிறு சிறு துண்டுகளாகச் சேர்ந்தாலும் சரி. உழைப்பு போதுமா என்று பார்க்கக் கருவியும் வேண்டாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமானது. நாலு சொல் பேசுவதற்குள் மூச்சு விட நிற்க வேண்டியிருந்தால் தீவிரமானது. காவல் முடிந்து வருகிறவனிடம் "எப்படிடா இருந்தது?" என்று கேட்டால் போதும், பதில் வரும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் ஆடும் ஆட்டத்தில் யாரையும் "அவுட்" ஆக்கி உட்கார வைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வெளியே உட்கார்ந்த பிள்ளை சும்மா இருக்காது. சோஃபாவில் ஏறும், ஓடுகிறவன் காலை இழுக்கும். சிறிய அறையில் அடிபடுவது பெரும்பாலும் அப்படித்தான். அதோடு, சரியாக எறியத் தெரியாத பிள்ளைதான் முதலில் அவுட் ஆகும். அதிகமாக ஓட வேண்டிய பிள்ளையும் அதுதான். ஆகவே எல்லோருக்கும் எப்போதும் வேலை.

இதில் கஷ்டமானது வயது வித்தியாசம். எங்கள் வீட்டில் அண்ணன் பிள்ளைகளும் சேர்ந்தால் நாலு வயதிலிருந்து பதின்மூன்று வரை இருப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு விதி போதுமாக இருந்தது: ஒவ்வொரு கிளிப் வாங்கியதும் எறியும் இடம் ஒரு டைல் பின்னால் போகும். நன்றாக எறிகிறவருக்குத் தூரம் கூடிக்கொண்டே போகிறது, ஓட்டமும் கூடுகிறது. தடுமாறுகிறவர் கிட்டவே நின்று எறிகிறார். யாருக்கும் சலுகை கொடுத்ததாகத் தோன்றாது. பின்னால் போவதையே பெருமையாக நினைக்கிறார்கள். நாற்காலி வரை போய்விட்டவன் இடது கையால் எறிய ஆரம்பிப்பான்.

நாலு வயதுக்காரனை என்ன செய்வது? வழக்கமாக உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். இருக்கிறான், ஆனால் கணக்கில் இல்லை. அது அவனுக்குத் தெரியாது என்று நாம் நினைக்கிறோம்; நன்றாகவே தெரியும். அவனுக்கு ஒரு நிஜமான வேலை வேண்டும், ஓடுகிறவர்கள் காலில் மிதிபடாத இடமும் வேண்டும். வாளியைச் சுற்றி டேப்பால் ஒரு கால்வட்டம் போட்டோம். உள்ளே அவன் மட்டும். காவலாளும் வட்டத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வட்டத்துக்குள் விழுந்த பந்தும் வாளிக்குள் விழுந்த பந்தும் அவன் சொத்து. அவன் எடுத்து வெளியே எறிந்தால்தான் உரியவருக்குத் திரும்பக் கிடைக்கும். அது வரை அவர் நின்ற இடத்திலேயே முழங்காலை உயர்த்தி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய அக்காவும் அண்ணனும் நின்ற இடத்தில் குதிரை மாதிரி ஓடிக்கொண்டு, "தம்பி, என்னோடது அந்த நீலம், சீக்கிரம்டா!" என்று கெஞ்சும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். குனிந்து, எடுத்து, நிமிர்ந்து, எறிந்து, அவன்தான் எல்லோரையும்விட அதிகம் உழைக்கிறான். வீட்டில் சிறு பிள்ளை இல்லாவிட்டால், வட்டத்துக்குள் விழுந்த பந்தை உரியவரே நாலு காலில் தவழ்ந்துபோய் எடுத்து வரலாம். அதுவும் நல்ல உழைப்புதான்.

பெயர் வைத்தது பிள்ளைகள்: வாளிக்காவல். ஆட்டத்துக்குப் பெயரைப் பெரியவர்கள் வைக்காமல் இருப்பது நல்லது. பிள்ளைகள் வைத்த பெயர் என்றால் அவர்களே மறுநாள் ஆட்டத்தைக் கேட்பார்கள். விதியும் அப்படித்தான். ஒரு ஆட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் ஒரே ஒரு விதியை மாற்றலாம் என்று விட்டேன். ஒன்றுக்கு மேல் மாற்றினால் எது ஆட்டத்தைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அப்படி மாறியதில் பாதி மறுநாளே கைவிடப்பட்டது, சில நிலைத்தது. மேலே மின்விசிறி ஓடினால் உயரமாக எறிந்த பந்து அடிபடும், அதனால் அதை நிறுத்தியாக வேண்டும். இதை யாராவது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அண்ணன் மகள் சொன்னாள்: "யாரு ஃபேனை நிறுத்துறாங்களோ அவங்களுக்குத்தான் முதல் எறி." அன்றிலிருந்து ஃபேனை நிறுத்தத்தான் போட்டி.

அறையைத் தயார் செய்வதில் நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். எறியும் திசை டிவிக்கும் சன்னலுக்கும் இணையாக இருக்க வேண்டும், அவற்றை நோக்கி இருக்கக் கூடாது. கூர்மையான விளிம்புள்ள சிறு மேசையை வேறு அறையில் வைத்துவிட வேண்டும். துணி சுற்றி அங்கேயே விட்டால் ஆட்டத்தில் துணி நழுவிவிடும். தரை ஈரமாக இருக்கக் கூடாது, துடைத்த உடனே ஆட வேண்டாம். அடுக்குமாடி என்றால் கீழ்வீட்டுக்காரரை நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் குதித்து எறிவது கிடையாது. எறியும்போது ஒரு காலாவது தரையில் இருக்க வேண்டும். நின்ற இடத்தில் ஓடுகிறவர் பாய்மேல் நின்று ஓடுவார்.

பலூன் வைத்து ஆடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆடலாம். பலூனின் எடை மிகக் குறைவு, பரப்பு பெரிது. காற்று அதைத் தடுத்துத் தடுத்து மெதுவாகத்தான் இறக்கும். அதனால் ஓடிப்போய்த் தட்ட நேரம் கிடைக்கும். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே சேர்ந்துகொள்ளலாம். இரண்டு செய்தித்தாளைச் சுருட்டி டேப் சுற்றினால் மட்டை. ஆனால் எட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் ஊதாத பலூனையோ உடைந்த துண்டையோ வாயில் வைத்தால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. எங்கள் வீட்டில் நாலு வயதுக்காரன் இருப்பதால் பலூன் அவன் தூங்கின பிறகுதான் வெளியே வரும். வெடித்தால் ஆட்டத்தை நிறுத்தி, எல்லாத் துண்டையும் பொறுக்கிய பிறகுதான் அடுத்தது.

உங்கள் வீட்டில் நீங்களே ஒன்று உண்டாக்க நினைத்தால், எங்கள் ஆட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கையில் என்ன இருக்கிறதோ அதன் குணத்திலிருந்து ஆரம்பியுங்கள். பிக்கில்பால் என்று இப்போது உலகமெங்கும் பரவியிருக்கும் ஆட்டம் 1965இல் சியாட்டிலுக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில் ஒரு வீட்டுப் பின்புறத்தில் பிறந்தது. இறகுப்பந்து (பாட்மின்டன்) ஆடப் போதிய சாமான் கிடைக்காததால் டேபிள் டென்னிஸ் மட்டையும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தும் எடுத்து ஆடிப் பார்த்தார்கள். அந்தப் பந்து தரையில் நன்றாக எழும்புவதைப் பார்த்துவிட்டு, இறகுப்பந்து உயரத்தில் இருந்த வலையை 36 அங்குலத்துக்கு இறக்கினார்கள். பந்தின் குணத்துக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றினார்கள். வீட்டிலும் அதே மாதிரிதான். சாக்ஸ் எழும்பாது, ஆகவே ஓடி எடுக்க வைக்கலாம். தலையணை இரண்டு கையையும் கேட்கும், ஆகவே காவலுக்கு ஆகும். பெட்ஷீட்டை நாலு பேர் நாலு மூலையில் பிடித்தால்தான் விறைப்பாக நிற்கும், ஆகவே சேர்ந்து உருண்டையைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஆட்டத்துக்கு அது பொருந்தும். நிறைந்த தண்ணீர் பாட்டில் விழுந்தால் ஆபத்து, காலியான பாட்டில் தொட்டாலே விழும். ஆகவே தொடாமல் வளைந்து ஓடும் பாதைக்குக் காலி பாட்டில். பொருளின் குணம் எங்கே இழுக்கிறதோ அங்கே போனால் விதி குறைவாகவே போதும். நாலைந்து விதிக்கு மேல் விளக்க வேண்டியிருக்கும் ஆட்டத்தைப் பிள்ளைகள் விளையாட மாட்டார்கள்.

ஒரே பிள்ளை உள்ள வீட்டில் காவலுக்கு யார் என்று என் தோழி கேட்டாள். அவளுக்காகத் தனியாள் ஆட்டம் ஒன்றும் செய்தோம். காவலாளுக்குப் பதில் வாளிக்கு முன்னால் இரண்டு நாற்காலியை வைத்து, இடையே கயிறு கட்டிப் பெட்ஷீட் தொங்கவிட வேண்டும். வாளி எறிகிறவர் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு மேலாகத்தான் எறிய வேண்டும். எறிந்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தால்தான் விழுந்ததா என்று தெரியும். தெரிந்துகொள்ளும் ஆவலே ஓட வைக்கிறது. ஆறு சாக்ஸ் உருண்டை எடுத்துக்கொண்டு, ஆறையும் வாளிக்குள் சேர்க்க எத்தனை நொடி என்று போனில் பார்த்துக்கொள்ளலாம்; மறுநாள் அந்த நேரத்தை முந்த வேண்டும். கயிறு பிள்ளையின் தொடை உயரத்துக்கு மேல் போகாமல் கட்டுங்கள், கழுத்தில் மாட்டாது. நாற்காலி இழுபடாதிருக்க ஒவ்வொன்றின்மேலும் கனமான பை ஒன்றை வையுங்கள். ஆடி முடிந்ததும் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எடுத்து வைத்துவிடுங்கள். பெட்ஷீட் அப்படியே கிடந்தாலும் பரவாயில்லை, பிள்ளை அதற்குள் கூடாரம் போட்டுக்கொள்ளும்.